ஒன்பதாவது நிமிஷம்

அந்தப் பெட்டியை ஒரு நிமிஷம் குடுங்க தம்பி. பிரிக்க மாட்டேன், பயப்படாதீங்க. அட்டையில போட்டிருக்கிற நம்பரைத்தான் பார்க்கணும். கண்ணாடி எங்க வச்சேன்... ஆங். விநாடிக்கு ஐநூத்தி நாற்பது எம்.பி. ம். போட்டுக்கட்டும். அட்டை நம்ம அட்டையா.

இல்ல இல்ல, நல்ல டிஸ்க்தான். குறை சொல்லலை. வீட்டுக்குப் போய் சொருகிப் பார்ப்பீங்க இல்ல? ஒரு சினிமாவைக் காப்பி பண்ணிப் பார்ப்பீங்க. திரும்ப அதே சினிமாவைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பீங்க. அப்ப இதுல போட்டதுக்கு மேலயே வேகம் காட்டும். சந்தோஷப்படுவீங்க. அங்கதான் ஏமாறுவீங்க.

நீங்களும் திருவண்ணாமலையா? அப்ப நாலு மணி நேரம் ஒண்ணாத்தான் போறோம். ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ஏறும்போதே பார்த்தேன், பையை விட இந்தப் பெட்டியைத்தான் பத்திரமா வச்சிருந்தீங்க. இந்த டிஸ்க் எவ்வளவு வேகமாப் படிக்குது, எவ்வளவு வேகமா எழுதுதுன்னு அளக்கறதுதான் என் பொழப்பு. பத்தொன்பது வருஷம், ஒரே கம்பெனி, முழுக்க ராத்திரி ஷிப்ட். படிப்பு எட்டாவது. அதுக்கு முன்னாடி தர்மபுரியில கேபிள் டிவி ஒயர் இழுத்துக்கிட்டிருந்தேன். எல்லாம் நானே கத்துக்கிட்டதுதான். ஒவ்வொரு கட்டளையையும் லாங் சைஸ் நோட்டுல எழுதி, பக்கத்துல தமிழ்ல அர்த்தம் எழுதி... இஞ்சினியரிங் படிச்ச பசங்க வந்து, "துரைக்கண்ணு அண்ணே, இது ஏன் இப்படி வருது"ன்னு கேட்பாங்க. எனக்கு அங்க பட்டப்பேரே "சந்தேகம் சார்". "அண்ணன் தன் நிழலையே ரெண்டு தடவை அளந்து பார்த்துட்டுத்தான் நடப்பாரு"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

ஏன் ஏமாறுவீங்கன்னு சொல்லணும் இல்ல.

ஒரு கடைக்குப் போறீங்க. ஜாதிக்காய் இருக்கான்னு கேட்கறீங்க. கடைக்காரர் குடோனுக்குள்ள போய், மூட்டையைத் தள்ளி, டப்பாவைத் திறந்து, எடுத்துட்டு வர்றார். அஞ்சு நிமிஷம் ஆகுது. மிச்சத்தை உள்ள வைக்காம முன்னாடி மேசை மேலயே வச்சிடறார். மறுபடியும் ஒருத்தர் வந்து கேட்டாலும் கேட்பாருன்னு. நீங்களே திரும்பப் போய்க் கேட்கறீங்க. கையை நீட்டி எடுத்துக் குடுத்துடறார். அரை விநாடி. உடனே நீங்க, இந்தக் கடை குடோன் பிரமாதமா இருக்கு, அரை விநாடியில சரக்கு வருதுன்னு எழுதிட்டா? அவர் குடோனுக்கே போகலையே. குடோன் தீப்பிடிச்சு எரிஞ்சுக்கிட்டிருந்தாலும் மேசையிலேருந்து ஜாதிக்காய் வரும்.

கம்ப்யூட்டர்ல அந்த மேசைதான் மெமரி. டிஸ்க்தான் குடோன். ஒரு தடவை படிச்சதை மெமரியில வச்சுக்கும். ரெண்டாவது தடவை டிஸ்க்கைத் தொடவே தொடாது. அந்த ரிசல்ட் ரிசல்ட்டே இல்ல.

அதைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை. ரொம்பப் பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. மெமரியில கொள்ளாத அளவுக்குப் பெரிய ஃபைலா குடுக்கணும். முதல் தடவை எடுத்த நேரமும் ரெண்டாவது தடவை எடுத்த நேரமும் எவ்வளவு வித்தியாசம்னு பார்க்கணும். பழைய சுத்தற டிஸ்க்கா இருந்தா இன்னும் சுலபம். உள்ள ஒரு தட்டு சுத்துது, விநாடிக்கு நூத்தி இருபது சுத்து. நீங்க கேட்ட இடம் ஊசிக்கு அடியில வர்ற வரைக்கும் அது காத்திருந்தே ஆகணும். நூறு இடத்தைத் தாறுமாறாக் கேட்டு, நூறுக்கும் டக்கு டக்குன்னு பதில் வந்தா, தட்டு சுத்தறதுக்குள்ளயே வந்தா, அது தட்டுலேருந்து வரலை. உண்மையான பதிலுக்கு நேரமாகும் தம்பி. போகணும், தேடணும், எடுக்கணும், வரணும்.

எல்லாத்துக்கும் மேல ஒரு பழக்கம். டெஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மெமரியைக் காலி பண்ணிடணும். ஒரே ஒரு வரிதான், அடிச்சா மேசை துடைச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் கேளு, அப்புறம் எழுது. புதுசா சேர்ற பசங்களுக்கு நான் முதல்ல சொல்றதே இதுதான். பல்லு விளக்காம காபி குடிச்சாலும் குடிங்கடா, காலி பண்ணாம ஓட்டாதீங்க. என் கைக்கு அது மூளைகிட்டக் கேட்காமலேயே வரும். நாற்காலியில உட்கார்ந்தா கை அந்த வரியை அடிச்சிடும்.

என் கையை ஏன் பார்க்கறீங்க? ஓ, இந்த மஞ்சப்பையா. இதுலயும் டிஸ்க்தான். பழசு. செத்துப்போனது. சொல்றேன்.

*

வீட்டுக்காரி பேரு இன்பவல்லி. போன வருஷம் ஆவணியில தவறிட்டா. அட, நீங்க ஏன் முகத்தைத் தொங்கப்போடறீங்க. விடுங்க.

ஓசூர்ல ரோஜாத் தோட்டம் நிறைய பார்த்திருப்பீங்க, பிளாஸ்டிக் கூடாரம் போட்டு. அங்க பூ பேக் பண்ற ஷெட்டுல வேலை அவளுக்கு. முள்ளைச் சீவி, இருபது இருபதாக் கட்டி, அட்டை சுத்தி அனுப்பறது. வெளிநாட்டுக்குப் போகுமாம். காலையில ஏழு மணிக்கு வேன் வந்துடும். எனக்கு ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர ஆறே முக்கால் ஆயிடும். ஆக மொத்தம் நாங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா இருந்தது நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம். வாசல்ல சாவியைக் கையில குடுப்பா. கையெல்லாம் முள்ளு கீறின தழும்பு.

"எப்படியிருக்க?"

"நல்லாருக்கேன்."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

இவ்வளவுதான். நான் "சாப்"னு ஆரம்பிக்கும்போதே "சாப்ட்டேன்" வந்துடும். தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நாள் மாத்திக் கேட்டேன். "என்ன சாப்ட்ட?"

முழிச்சா பாருங்க. அப்புறம் சிரிச்சுட்டா. "ஏங்க, என்னையும் டெஸ்ட் பண்றீங்களா? அப்படின்னா என் மெமரியையும் காலி பண்ணிட்டுக் கேளுங்க. நேத்து தின்னது, முந்தாநேத்து தின்னது எல்லாம் கலந்து கிடக்குது."

எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம் மாத்திக் கேட்கலை. எதுக்கு ஒரு மனுஷியைப் போட்டு...

சாயங்காலம் அவ வரும்போது நான் கிளம்பியிருப்பேன். எங்க கம்பெனி வண்டி தூரத்துக்கெல்லாம் போய் ஆளை ஏத்திக்கிட்டு வரும், நாலரைக்கே வந்துடும். அதனால பேச ஆளில்லை அவளுக்கு. பொண்ணு ஷர்மியைக் கட்டிக் குடுத்தாச்சு. அவதான் திருவண்ணாமலையில இருக்கா, அங்கதான் இப்பப் போறேன். அவ கல்யாணமாகிப் போன புதுசுல இவளுக்கு ரொம்பத் தனிமையாப் போச்சு. நான்தான் ஒரு யோசனை சொன்னேன். வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் வச்சிருந்தேன், பழைய டிஸ்க்கெல்லாம் மாட்டி நானே விளையாடறதுக்கு. அதுல ஒரு மைக் மாட்டி, எந்தப் பொத்தானை அமுக்கணும்னு காட்டிக் குடுத்தேன். "எங்கிட்டப் பேசணும்னு தோணறதை இதுல பேசி வை இன்பா. காலையில வந்து கேட்டுக்கறேன்."

ரெண்டு நாள் வெட்கப்பட்டா. அப்புறம் பழகிடுச்சு. ரேடியோன்னு பேரு வச்சுட்டா அதுக்கு. தினமும் ராத்திரிச் சோத்துக்கு அப்புறம் உட்கார்ந்து பேசுவா. தினமும் ஒரே மாதிரி ஆரம்பிப்பா, யாருக்கோ போன் போட்ட மாதிரி: "நான் இன்பவல்லி பேசறேன்." பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம்.

காலையில சாவி குடுக்கும்போது கேட்பா. "நேத்து ரேடியோ கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்."

கேட்டேனான்னு நீங்க கேட்கறீங்க.

தம்பி, ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சுட்டு வர்ற மனுஷன். ஷூவைக் கழட்டறதுக்குள்ள தூக்கம் பிடரியில உட்கார்ந்துடும். எழுந்தா சமையல், குளியல், திரும்ப வண்டி. ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு கேட்டிருப்பேன். குக்கருக்கு ரப்பர் போயிடுச்சு, மாடி வீட்டம்மா தண்ணி மோட்டாரை நிறுத்தாம போயிட்டாங்க... இதேதான்.

ஆனா வீணாப் போகலை. அதைச் சொல்லணும். டிஸ்க்கை அளக்கும்போது வெறும் பூஜ்யமா எழுதிப் பார்க்கக் கூடாது. சில டிஸ்க் கில்லாடி, ஒரே பூஜ்யமா வந்தா அதைச் சுருக்கி எழுதிட்டு வேகமா எழுதிட்டேன்னு பெருமையடிக்கும். ஒண்ணு போல ஒண்ணு இல்லாத விஷயம் வேணும். மனுஷக் குரல் அதுக்கு அம்சமா இருக்கும். அதனால இன்பா பேசினதைத்தான் எடுத்து ஓட்டுவேன். ஒண்ணையே ஆயிரம் தடவை எழுதிப் படிக்க வச்சு, எவ்வளவு பெரிசு வேணுமோ அவ்வளவு பெரிசாக்கிக்குவேன். வீட்டுல இருந்த அத்தனை டிஸ்க்கையும் அவ பேச்சாலதான் அளந்திருக்கேன். புதுசு ஒண்ணு வந்ததும் பழசை அழிச்சுடுவேன். இடம் வேணும் இல்ல?

அப்படிப் பார்த்தா அவ பேச்சு என் கையில லட்சம் தடவை ஓடியிருக்கு.

என்ன தம்பி, ஜன்னலைச் சாத்தணுமா? காத்துதான. இருக்கட்டும்.

போன வருஷம் தை மாசத்தோட அவ ரேடியோவை நிறுத்திட்டா. நான் உடனே கவனிக்கலை. மாசி நடுவுல ஒரு டிஸ்க்கை ஓட்டப் புதுசா ஃபைல் தேடறேன், இல்ல. "ஏன் இன்பா, பேசறதில்லையா?"ன்னு கேட்டேன். "நேரமில்லைங்க, காதலர் தினத்துக்குப் பூ ஆர்டர் ஜாஸ்தி"ன்னா. காதலர் தினம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆயிருந்துச்சு. சரின்னு விட்டுட்டேன். அதுதான் எனக்கு இன்னும் தாங்கலை. நிறுத்தறவ காரணம் சொல்லிட்டு நிறுத்த வேண்டாமா? நேருக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?

ஆடியில ஆஸ்பத்திரி. ஆவணியில முடிஞ்சுபோச்சு. டாக்டர் என்னைப் பார்த்து, "இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க"ன்னு கேட்டார். எனக்கென்ன தெரியும்? தினமும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். எப்படியிருக்கன்னு ஒரு நாள் கேட்காம இருந்ததில்லை.

*

ஷர்மிக்கு மூணு மாசம் முன்னாடி பொண்ணு பொறந்துச்சு. அம்மா பேரையேதான் வைப்பேன்னு ஒத்தைக்கால்ல நின்னா. நாளைக்குப் பேர் வைக்கிறாங்க. குழந்தை காதுல மூணு தடவை பேர் சொல்லுவாங்க இல்ல, அதுக்கு...

இருங்க, அவதான் அடிக்கிறா.

ஹலோ... ஆங், சொல்லும்மா. கிருஷ்ணகிரி தாண்டிட்டோம். ஆங், சாப்ட்டேன் சாப்ட்டேன். எடுத்துட்டேன்மா. பைலதான் இருக்கு. ஆமா, பத்திரமா இருக்கு. மாப்பிள்ளையை எதுக்கு ஸ்டாண்டுக்கு அலைய விடற, நான் ஆட்டோல... சரி, வரட்டும். வைக்கிறேன்.

அதுக்குன்னு சொல்ல வந்தேன். குழந்தை காதுல பேர் சொல்றதுக்கு.

போன மாசம் வீட்டை ஒழிச்சேன். பரண்ல ஒரு டிஸ்க் கிடந்துச்சு, இதோ இந்தப் பையில இருக்கிறது. மாட்டிப் பார்த்தேன். டெஸ்ட் ஃபைலெல்லாம் இருந்துச்சு. அதுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு, அழிக்காதது. தை பதினெட்டு. அதுக்கப்புறம் புதுசு வரலை, அதனால அழியலை. கடைசி ஃபைல். பதினோரு நிமிஷம்.

போட்டேன். டிஸ்க் உள்ள ஒரு முனகல். விளக்கு மினுக்கு மினுக்குன்னு துடிக்குது, பேச்சு வரலை. அரை நிமிஷம் இருக்கும். அப்புறம், "நான் இன்பவல்லி பேசறேன்."

நான் எழுந்து நின்னுட்டேன் தம்பி. வாசல்ல சாவி வாங்கற மாதிரி கையை நீட்டிட்டு நிக்கிறேன்.

அன்னைக்கு மூணு தடவை கேட்டேன். மறுநாள் கணக்கு இல்ல. லீவு போட்டுட்டேன். கம்ப்யூட்டரை அணைக்கவே இல்ல. ஷர்மிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்கிட்ட வச்சேன். முதல் ஒரு நிமிஷம் கேட்டிருப்பா, அந்தப் பக்கம் ஒரே அழுகை. "அப்பா, அந்த முதல் வார்த்தை போதும்ப்பா. நான் இன்பவல்லி பேசறேன். அதை மட்டும் பாப்பா காதுல போட்டுடலாம். அம்மாவே வந்து பேர் வச்ச மாதிரி இருக்கும். முழுசையும் எடுத்துட்டு வாங்க, நான் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக் கேட்கணும்"னா.

முழுசையும்.

அஞ்சாவது நாள் காலையில கேட்டுக்கிட்டே இருக்கேன், கண்ணு எதேச்சையா டிஸ்க் மேல போச்சு. விளக்கு துடிக்கலை. பேச்சு வருது, விளக்கு அசையலை. காதை வச்சுப் பார்க்கறேன். உள்ள சத்தமே இல்ல. அப்பத்தான் உறைச்சுது. இவ்வளவு நாளா டிஸ்க்லேருந்து வரலை. முதல் தடவை படிச்சதோட சரி. எல்லாம் மேசை மேல இருந்த ஜாதிக்காய். பத்தொன்பது வருஷமா ஊர் டிஸ்க்கோட பொய்யையெல்லாம் பிடிச்சவன், அஞ்சு நாள் நானே ஏமாந்திருக்கேன்.

ஆமா தம்பி. அப்பவே ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்திருக்கலாம். மெமரியில இருந்தா என்ன, அதுவும் அதே பேச்சுதான். ரெண்டு விநாடி வேலை. எதிர்லயே பென்டிரைவ் இருந்துச்சு. பச்சை கலர். ஆனா கை பழக்கம். கை போய் அந்த வரியை அடிச்சிடுச்சு. மெமரியைக் காலி பண்ணிடுச்சு. டிஸ்க்குல நிஜமா இருக்கான்னு பார்த்துட்டு எடுக்கலாம்னு. மெமரியிலேருந்து வர்றதை எப்படி நம்பறது?

அப்புறம் போட்டேன். டிஸ்க் டக்குன்னுச்சு. திரும்ப டக். டக். அவ்வளவுதான்.

பெங்களூருக்கு எடுத்துட்டு ஓடினேன். பிரிச்சுப் பார்த்தாங்க. தட்டு மேல வளையம் மாதிரி ஒரு கீறல். இதை யாராலயும் எடுக்க முடியாது சார்ன்னுட்டாங்க. திரும்ப மூடிக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன். பாருங்க, ஒரு திருகாணி கூடச் சரியா முடுக்கலை.

ஷர்மிக்கு இன்னும் சொல்லலை.

*

ஊத்தங்கரையா இது? பத்து நிமிஷம் நிக்கும். நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன். எனக்கு வேண்டாம். இல்ல தம்பி, காலையிலேருந்தே இறங்கலை எதுவும்.

வந்துட்டீங்களா. எதுக்கு பிஸ்கட்டெல்லாம்... சரி, வைங்க.

என்ன சொன்னீங்க? எனக்கு மனப்பாடமா இருக்குமேன்னா? அஞ்சு நாள்ல நாற்பது தடவை கேட்டிருப்பேன். மனப்பாடம்தான். ஆனா நான் சொன்னா அது என் வாய்தான. அவ குரல் ஆயிடுமா?

சரி, சொல்றேன், கேளுங்க. "நான் இன்பவல்லி பேசறேன். இன்னைக்கு ஷெட்டுல மஞ்ச ரோஜா. மஞ்ச ரோஜாவுக்கு முள்ளு ஜாஸ்திங்க, பார்க்கத்தான் சாது. சூப்பர்வைசர் இருக்கானே, அந்த ஒட்டடைக்குச்சி, அவன் கட்டுக்கு பத்தொன்பது பூதான் இருக்குன்னு என்கிட்டச் சண்டைக்கு வந்தான். எண்ணிக் காட்டினேன். இருபத்தி ஒண்ணு இருந்துச்சு. மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே." இது ரெண்டாவது நிமிஷம். அப்புறம் பால் பாக்கெட்டு. அப்புறம் மாடி வீட்டம்மா மருமக கோவிச்சுக்கிட்டுப் போன கதை, அது நாலு நிமிஷம், அந்த மருமக மாதிரியே பேசிக் காட்டுவா. எட்டாவது நிமிஷத்துல ஒரு தண்ணி குடிக்கிற சத்தம். டம்ளர் வைக்கிற சத்தம். அப்புறம், "ஷர்மி போன் பண்ணினா, குளிச்சு முழுகாம இருக்காளோன்னு எனக்கு ஒரு சந்தேகம், அவளாச் சொல்லட்டும்னு நான் கேட்கலை"ன்னு சொல்லுவா. அது நடக்கலை, வெறும் சந்தேகம்தான். கடைசியில, "சரிங்க, மீன்காரன் வந்தா நாளைக்கு வாங்கி வைங்க, அணைக்கிறேன்." முடிஞ்சுது. பதினோரு நிமிஷம்.

பார்த்தீங்களா, தங்குதடையே இல்லாம வருது.

என்ன?

எட்டாவது நிமிஷத்துல தண்ணி குடிச்சா. ஆமா. அதுக்கப்புறம் ஷர்மி விஷயம். அது பத்தாவது நிமிஷம்.

நீங்களும் எண்ணிக்கிட்டே வர்றீங்களா.

ஒன்பதாவது நிமிஷத்துல பெரிசா ஒண்ணுமில்ல தம்பி. வேற பேசலாம். செங்கம் வரப்போகுது. உங்க ஊர்ல யாரு இருக்காங்க? அப்பா அம்மா ரெண்டு பேருமா? நல்லது. நல்லது.

இந்த டிஸ்க் கம்பெனிக்காரன் மேல கேஸ் போடணும்னு சிலபேரு சொன்னாங்க. பத்து வருஷம் வரும்னு எழுதியிருந்தான் அட்டையில. ஏழுதான் வந்துச்சு. இவனுங்களை என்ன பண்றது.

ஏன் அப்படியே பார்க்கறீங்க? நீங்க ஒண்ணும் கேட்கலை. சரி. ஆனா கேட்கிற மாதிரி இருக்கீங்க. கை பழக்கம்தான்னு சொன்னேனே. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம்.

நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், இல்ல?

ம்.

இருங்க.

ஒன்பதாவது நிமிஷத்துல... டம்ளரைக் கீழ வைப்பா. கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. மூச்சு மட்டும். முதல் தடவை கேட்டப்ப முடிஞ்சுபோச்சோன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா, மைக்குக்கு ரொம்பக் கிட்ட வந்து...

"ஏங்க. வலது பக்கம், மாருக்கு அடியில, ஒரு கல்லு மாதிரி கையில தட்டுப்படுது. பூக்கட்டைத் தூக்கும்போது இடிக்குது. ரெண்டு மூணு வாட்டி இந்த ரேடியோவுல சொல்லிட்டேன். காலையில, கேட்டீங்களான்னா, கேட்டேன்னு சொல்றீங்க. கேட்டிருந்தா சும்மா இருப்பீங்களா? அதான் எனக்கு ஒரு சந்தேகம். நீங்க மட்டும்தான் டெஸ்ட் பண்ணுவீங்களா? நானும் ஒண்ணு பண்றேன். இதோட நான் பேசப் போறதில்ல. இதைக் கேட்டுட்டு நீங்களா ஒரு நாள், வா இன்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்லுங்க. அப்பத் திரும்பப் பேசறேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கோபமெல்லாம் இல்ல. கடைசியில மூக்கை உறிஞ்சற மாதிரி ஒரு சத்தம், ஜலதோஷம்னு நினைச்சேன்.

தை பதினெட்டு. ஆடி வரைக்கும் ஆறு மாசம். தினமும் காலையில வாசல்ல நிப்பா. நான் வண்டியை விட்டு இறங்கி நடந்து வர்றதையே பார்த்துக்கிட்டு நிப்பா. சாவியைக் குடுத்துட்டு உடனே போக மாட்டா, ஒரு நொடி நிப்பா. வேன்காரன் ஆரன் அடிப்பான். அவ எதுக்காக நிக்கிறான்னு நான் யோசிச்சதில்ல. எப்படியிருக்கன்னு கேட்பேன். நல்லாருக்கேன்னு சொல்லிட்டுப் போயிடுவா.

டாக்டர் சொன்னார், ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு. அவர் சாதாரணமாத்தான் சொன்னார்.

ஷர்மி ஒவ்வொரு வார்த்தையாக் கேட்கணும்னு சொன்னா தம்பி. முழுசையும்.

பச்சை பென்டிரைவ் எதிர்ல இருந்துச்சு. கை அந்தப் பக்கம் போகலை. இந்தப் பக்கம் போச்சு. பழக்கத்துல போச்சா, இல்ல வேற எதுக்காவது போச்சான்னு... தேடித்தான் பார்க்கிறேன். இப்ப கூடத் தேடித்தான் பார்த்தேன். தெரியலை. அந்த வரியை அடிச்சு முடிச்ச உடனே எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு. ஒரு நொடிதான். டிஸ்க் டக்குன்னு சொல்ற வரைக்கும். அந்த நிம்மதி எதுக்கு வந்துச்சுன்னு யார்கிட்டப் போய்க் கேட்கிறது.

*

கோபுரம் தெரியுதா? வந்துட்டோம் போலிருக்கு. பெட்டியை மறந்துடாதீங்க. வீட்டுக்குப் போனா முதல்ல காப்பி எடுங்க. டெஸ்ட் அப்புறம் பண்ணிக்கலாம். சரியா? முதல்ல காப்பி.

கண்டக்டர் என்ன சொல்றார்? இறங்கறோம், இறங்கறோம்ப்பா. "பெரியவரே, பஸ் இங்கதான் தூங்கும், நீங்க வீட்டுல போய்த் தூங்குங்க"ங்கறான். வாய் இருக்கு அவனுக்கு.

மறுபடியும் அவதான்.

ஹலோ... ஆங், வந்துட்டேன்மா. ஸ்டாண்டுலதான். மாப்பிள்ளை நீலச் சட்டையா? பார்க்கிறேன். என்னது... குழந்தை அழுவுதா? அம்மா பேச்சை இன்னைக்கே போடணுமா?

...

இருக்கேன்மா. லைன்லதான் இருக்கேன். இல்ல, சிக்னல் நல்லாத்தான் இருக்கு.

...

தம்பி, நீங்க இறங்கிப் போங்க. உங்க அம்மா அப்பா காத்திருப்பாங்க. எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.

ஷர்மி. இரும்மா, வைக்காத. சொல்றேன். இரு.